குவாண்டம் இயற்பியலை வைத்து ஒரு நிறுவலும் ஆட்டமும்: மேடையில் எது உண்மையாக இருக்க வேண்டும்?

நிழல்வரை:

எனக்கு வேலை மேடை வடிவமைப்பு. குவாண்டம் இயற்பியலை மையமாக வைத்து ஒரு நிறுவலும் (இன்ஸ்டலேஷன்), அதற்குள்ளேயே நடக்கிற ஒரு நடன நிகழ்வும் நாங்கள் சிலர் சேர்ந்து தயாரித்துக்கொண்டிருக்கிறோம். இருட்டான கூடம். கூரையிலிருந்து தரைவரை மெல்லிய உலோகக் கம்பிகள் நெருக்கமாகத் தொங்கும். அவற்றுக்கு நடுவே மூன்று பேர் ஆடுவார்கள். பார்வையாளர்களுக்கு நாற்காலி கிடையாது. கம்பிகளைச் சுற்றி நடந்துகொண்டே பார்க்கலாம்.

இப்போதைய திட்டப்படி, யாராவது ஆடுபவரை நெருங்கினால் சென்சார் அதை உணரும். அதுவரை கூடம் முழுக்க அலைந்துகொண்டிருந்த ஒளி உடனே ஒரே இடத்தில் குவியும், ஆடுபவர் அப்படியே நின்றுவிடுவார். பார்த்த கணத்தில் பல நிலைகள் ஒரே நிலையாகின்றன என்பதைக் காட்டும் எண்ணம். ஒத்திகையில் அழகாகவே இருக்கிறது. ஆனால் எங்களுக்கு இயற்பியல் ஆலோசனை சொல்பவர், ஆள் வந்தால் திறக்கும் தானியங்கிக் கதவும் இதைத்தான் செய்கிறது, இதில் குவாண்டம் எங்கே என்கிறார். நடனம் அமைப்பவரோ, மேடை என்பது வகுப்பறை அல்ல என்கிறார். இருவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதுதான் என் சிக்கல். இப்படியொரு படைப்பில் எது அறிவியலுக்கு உண்மையாக இருந்தே ஆக வேண்டும், எதை விட்டுக்கொடுக்கலாம்? செய்தவர்கள், பார்த்தவர்கள், இயற்பியல் தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்லுங்கள்.

துகள்பித்தன்:

நான் உங்கள் ஆலோசகர் பக்கம். குவாண்டம் இயற்பியலில் 'பார்ப்பது' என்றால் ஒரு மனிதர் கண்ணைத் திறந்து நோக்குவது அல்ல. பொதுவெளியில் இந்த ஒரு குழப்பம்தான் மற்ற எல்லாக் குழப்பங்களுக்கும் தாய்.

ஓர் உதாரணம். 1999ல் வியன்னாவில் ஆன்டன் ஸைலிங்கரின் குழு, 60 கார்பன் அணுக்கள் சேர்ந்த பந்து வடிவ மூலக்கூறுகளை நுண்ணிய கீற்றணி (நெருக்கமான கீற்றுகளின் வரிசை) ஒன்றின் வழியே செலுத்தி, அவை அலைகளைப் போலக் குறுக்கிட்டு ஏற்ற இறக்கமான பட்டைகளாக விழுவதைக் காட்டியது. 2004ல் அதே வியன்னாவில் இன்னொரு சோதனை. இந்த முறை 70 கார்பன் அணுக்கள் கொண்ட மூலக்கூறு. வழியிலேயே லேசரால் அதைச் சூடாக்கினார்கள். சூடான பொருள் ஒளிரும் அல்லவா, அந்த மூலக்கூறும் வெப்ப ஒளியைச் சிந்திக்கொண்டே பறந்தது. சூடு ஏற ஏறப் பட்டைகள் மங்கின, கடைசியில் இல்லாமலே போயின.

அந்த ஒளியை யாரும் பிடித்துப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. 'நான் இந்த வழியாகப் போனேன்' என்ற தடயத்தை அந்த மூலக்கூறு சுற்றுப்புறத்தில் விட்டுவிட்டது. அலைத்தன்மை அழிவதற்கு அதுவே போதும். மனித மனம்தான் நிலையைத் தீர்மானிக்கிறது என்று 1960களில் இயற்பியலாளர் யூஜின் விக்னர் யோசித்ததுண்டு. பிறகு அவரே அதிலிருந்து விலகிவிட்டார்.

உங்கள் சென்சார் மனிதப் பார்வையைப் பிரபஞ்சத்தின் நடுவில் கொண்டுபோய் வைக்கிறது. இயற்பியல் சொல்வதோ, நீங்கள் அங்கே இல்லாவிட்டாலும் இது நடக்கும் என்பது. எனக்கு இரண்டாவதுதான் அதிகம் சிலிர்ப்பூட்டுகிறது. மேடையில் அதைக் காட்ட முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

சதங்கை:

துகள்பித்தன், நீங்கள் சொன்ன இரண்டு சோதனைகளையும் இன்றுதான் தெரிந்துகொண்டேன், நன்றி. ஆனால் ஆடுபவளாக ஒன்று சொல்ல வேண்டும். ஒரு சமன்பாட்டை உடம்பால் 'காட்டு' என்றால் உடம்பு திணறும். கொடுக்க வேண்டியது விதி. எந்த விதிப்படி நகர வேண்டும், எதற்காகக் காத்திருக்க வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்று சொன்னால் உடம்பு அதைப் பிடித்துக்கொள்ளும்.

சுவிஸ் நடன அமைப்பாளர் ஜில் ஜோபேன் 2012ல் ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தில் தங்கி இயற்பியலாளர்களோடு பழகினார். அதிலிருந்து வந்த 'குவாண்டம்' என்ற ஆட்டம் 2013ல் அங்கே சிஎம்எஸ் என்ற துகள் மோதல் சோதனை நடக்கும் வளாகத்திலேயே அரங்கேறியது. ஆறு பேர் ஆடினார்கள். மேலே ஜூலியஸ் ஃபான் பிஸ்மார்க் அமைத்த விளக்குகள் வட்டமாகச் சுழன்றுகொண்டிருந்தன. இசை கார்லா ஸ்காலெட்டி. அதன் பதிவைப் பார்த்திருக்கிறேன். யாரும் எலக்ட்ரான் வேடம் போடவில்லை. அசைவுகளை உண்டாக்கும் விதிகளைத்தான் இயற்பியலிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதனால்தான் எனக்குப் பிடித்தது.

செர்ன் என்றதும் நம்மவர்கள் நடராசர் சிலையைச் சொல்வார்கள். ஆம், அங்கே ஓர் ஆடவல்லான் இருக்கிறார். இரண்டு மீட்டர் உயரம், 2004 ஜூனில் திறக்கப்பட்டது, இந்திய அரசு தந்த பரிசு. எனக்கும் அதில் பெருமைதான். ஆனால் அதைக் காட்டி 'எல்லாம் முன்பே சொல்லிவிட்டோம்' என்று முடித்தால் ஆட்டமும் வளராது, இயற்பியலும் விளங்காது. அதனால் இந்த இழையில் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

கடைசிவரிசை:

நான் வெறும் பார்வையாளன். இந்த மாதிரிக் காட்சிகளுக்கு விரும்பிப் போகிறவன். என் ஒரே குறை வாசலில் தருகிற துண்டறிக்கைதான். 'மேற்பொருந்துதல்', 'பிணைவு', 'பல்லுலகம்' என்று அதில் நிறைந்திருக்கும். உள்ளே போனால் நீல விளக்கும் புகையும் இருக்கும். அறிக்கையில் உள்ள சொற்களை எடுத்துவிட்டு 'கடல்' என்று போட்டாலும் அந்தக் காட்சிக்கு ஒன்றும் ஆகாது. அப்படி மாற்றிப் போட முடிந்தால் அங்கே குவாண்டம் இல்லை என்பதுதான் என் அளவுகோல்.

லண்டனில் சிற்பி ஆன்டனி கோர்ம்லி செய்த 'குவாண்டம் கிளவுட்' இருக்கிறதே, தேம்ஸ் கரையில், ஏறக்குறைய 30 மீட்டர் உயரத்துக்கு எஃகுத் துண்டுகள் சிதறிக் கிடப்பது போல நிற்கும். நடுவில் அடர்த்தி கூடி ஒரு மனித உருவம் தெரியும். உருவத்துக்கு விளிம்பே கிடையாது. எங்கே முடிகிறது என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது, இங்கே அடர்த்தி அதிகம், அங்கே குறைவு என்று மட்டும்தான் சொல்லலாம். அணுவைச் சுற்றி எலக்ட்ரான் இருப்பதைப் பற்றி நான் படித்ததும் இப்படித்தான். துண்டறிக்கை இல்லாமலே அது எனக்கு எட்டியது.

ஜூலியன் ஃபோஸ்-ஆண்ட்ரே செய்த 'குவாண்டம் மேன்' எப்படி என்று துகள்பித்தன் சொல்ல வேண்டும். முன்னாலிருந்து பார்த்தால் திடமான மனிதன். பக்கவாட்டில் வந்தால் இணையாக நிறுத்திய எஃகுத் தகடுகளின் இடைவெளி வழியே பின்னால் இருப்பதெல்லாம் தெரியும், ஆளே காணாமல் போய்விடுவான். அதுவும் பொய்க் கணக்கா?

துகள்பித்தன்:

அவர் சாதாரண ஆள் இல்லை. நான் மேலே சொன்ன 1999 சோதனையில் பங்கெடுத்தவர், அப்போது வியன்னாவில் இயற்பியல் மாணவர். சிற்பத்துக்குப் பிறகுதான் வந்தார். 'குவாண்டம் மேன்' 2006ல் செய்தது. உருவம் மறைவது வெறும் பார்வைக் கோணத்தால்தான், அதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் ஒரே பொருளைப் பற்றி இரண்டு திசையிலிருந்து இரண்டு முழுமையான பதில்கள் கிடைக்கின்றன, ஒரே நேரத்தில் இரண்டையும் பெற முடியாது. அந்த வடிவம் நேர்மையாக எடுத்தாளப்பட்டிருக்கிறது. இதை நான் பொய் என்று சொல்ல மாட்டேன்.

உங்கள் அளவுகோல் எனக்குப் பிடித்திருக்கிறது. 'கடல்' என்று மாற்றிப் போட முடிகிறதா என்பதை நிழல்வரை தன் காட்சிகள் ஒவ்வொன்றிலும் சோதித்துப் பார்க்கலாம்.

மின்பொறி:

சென்சாரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் உண்மையான துகளையே வையுங்கள். நம் எல்லோர் மீதும் ஓயாமல் மியூவான்கள் என்ற நுண்துகள்கள் விழுந்துகொண்டிருக்கின்றன. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தின் உச்சியில் மோதுவதால் பிறப்பவை. கடல் மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்று. துகள் பட்டால் மினுக்கிடும் ஐந்துக்கு ஐந்து சென்டிமீட்டர் மினுக்குத் தகடுகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இரண்டிலும் ஒரே நேரத்தில் மின்துடிப்பு வந்தால் மட்டும் கணக்கில் எடுத்தால், சுவரிலிருந்து வரும் இயற்கைக் கதிரியக்கம் பெரும்பாலும் வடிகட்டப்பட்டுவிடும். மீதி உங்கள் மியூவான். தகடுகளுக்கு இடையே தூரத்தைக் கூட்டினால் எண்ணிக்கை குறையும், அதனால் ஆட்டத்தின் வேகத்துக்கு ஏற்ப இடைவெளியை நீங்களே அமைத்துக்கொள்ளலாம்.

பார்வையாளர்கள் கண்ணாலேயே பார்க்க வேண்டுமானால் முகில் அறை இருக்கிறது. இயற்பியலாளர் வில்சன் கண்டுபிடித்தது, 1927ல் நோபல் பரிசு பெற்றுத் தந்தது. இன்று ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் உலர்பனியும் (உறைந்த கார்பன் டைஆக்சைடு) ஒரு கண்ணாடிப் பெட்டியும் போதும், துகள் போன தடம் வெள்ளைக் கோடாக ஒரு கணம் தெரிந்து கலையும். மூடிய கூடத்தில் உலர்பனி வைத்தால் காற்றோட்டம் கட்டாயம் வேண்டும். கார்பன் டைஆக்சைடு தரையோடு தேங்கும், உங்கள் ஆட்கள் தரையில் படுத்து ஆடுவார்கள் என்றால் ஆபத்து. மின்சாரத்தால் குளிரும் பெல்டியர் தகடு வைத்த வகையை வாங்குவது நல்லது.

சதங்கை:

மின்பொறி சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஒத்திகையில் இசைக்கு ஆடும்போது அடுத்த தாளம் வருமுன்பே தசை தயாராகிவிடும். எப்போது வரும் என்றே தெரியாத ஒரு துடிப்புக்காகக் காத்திருக்கும்போது உடம்பு வேறு மாதிரி நிற்கும். எந்தப் பக்கமும் சாயாமல், எந்தப் பக்கமும் போகத் தயாராக. அந்த நிற்பை நடிக்க முடியாது. பார்ப்பவர்கள் அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஆனால் தற்செயல் மட்டும் இருந்தால் குவாண்டம் ஆகிவிடுமா? அமெரிக்க நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்ஹாம் 1950களிலேயே நாணயம் சுண்டி அசைவுகளின் வரிசையைத் தீர்மானித்தார். அதை யாரும் குவாண்டம் ஆட்டம் என்று சொல்வதில்லை.

அலைமுகம்:

இந்த இழையை ஆரம்பத்திலிருந்து படித்துவிட்டு எழுதுகிறேன். சதங்கை கேட்டதுதான் சரியான கேள்வி. நாணயத்துக்கும் எலக்ட்ரானுக்கும் உள்ள வேறுபாடு ஒரே ஒரு தடவையில் தெரியவே தெரியாது. எல்லோரும் ஒற்றை நிகழ்வில் குவாண்டத்தைத் தேடுவதால்தான் நீல விளக்கில் போய் நிற்கிறோம் என்று நினைக்கிறேன்.

1989ல் ஜப்பானின் ஹிட்டாச்சி ஆய்வகத்தில் டோனோமுராவின் குழு, இரண்டு வழிகள் திறந்திருக்கும் கருவிக்குள் எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக அனுப்பிப் பதிவு செய்தது. கருவிக்குள் ஒரு நேரத்தில் ஓர் எலக்ட்ரானுக்கு மேல் இருப்பதே அரிது என்ற அளவுக்கு மெதுவாக. முதலில் திரையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளிகள். எந்த ஒழுங்கும் தெரியாது. நூற்றுக்கணக்கில் வந்த பிறகும் சந்தேகமாகவே இருக்கும். ஆயிரக்கணக்கில் சேரும்போது பட்டைகள் எழுந்து நிற்கும். ஒவ்வோர் எலக்ட்ரானும் தனியாக வந்து ஒரு புள்ளியை மட்டும் வைத்துவிட்டுப் போனது. மற்றதோடு அதற்குப் பேச்சே இல்லை. இருந்தும் மொத்தத்தில் ஓர் அலை தெரிகிறது.

இதில் உங்கள் படைப்புக்கு ஒரு வழி இருக்கிறது, நிழல்வரை. நிகழ்த்துதல் என்பது ஒரு தடவை நடந்து முடிவது, திரும்ப வராது. நிறுவல் என்பது இருந்துகொண்டே இருப்பது. நிகழ்த்துதல் புள்ளியாக இருக்கட்டும், நிறுவல் திரையாக இருக்கட்டும். ஆட்டத்தின் ஒவ்வொரு சுற்றும் சுவரில் ஓர் அடையாளத்தை விட்டுச் செல்லட்டும். அழிக்காதீர்கள். முதல் நாள் வருபவர் சிதறலைப் பார்ப்பார், கடைசி வாரம் வருபவர் பட்டைகளைப் பார்ப்பார். குவாண்டத்தை எடுத்துக்கொண்ட ஒரு படைப்புக்கு நிறுவலும் ஆட்டமும் இரண்டுமே ஏன் தேவை என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல காரணம் இல்லை. இரண்டில் ஒன்றை நீக்கினால் விஷயமே போய்விடும்.

நிழல்வரை:

அலைமுகம், இதைப் படித்ததும் குழுவில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன். கம்பிகளுக்குப் பின்னால் ஒரு பெரிய வெற்றுச் சுவர் சும்மாவே கிடக்கிறது.

இப்படி யோசிக்கிறோம். மேடையின் பின்பகுதியில் ஒளி ஊடுருவாத திரை, அதில் இரண்டு இடைவெளிகள். மியூவான் துடிப்பு வந்ததும் ஒருவர் திரைக்குப் பின்னால் போய்விடுவார், எந்த இடைவெளி என்று யாருக்கும் தெரியாது. சில நொடிகள் கழித்து சுவரில் ஓர் இடத்தில் சாயம் தோய்ந்த உள்ளங்கையை வைப்பார். எந்த இடம் என்பதை யார் தீர்மானிப்பது? ஆடுபவரே தீர்மானித்தால் பட்டை வராது, மனிதக் கை எப்போதும் நடுவையோ காலி இடத்தையோ தேடும்.

துகள்பித்தன்:

அருமையாக வருகிறது. இடத்தை இரட்டைப் பிளவுச் சோதனையின் (இரண்டு இடைவெளிகள் வழியே துகள்களை அனுப்புவது) நிகழ்தகவு வளைவிலிருந்து எடுங்கள். வளைவு நீங்கள் கணக்கிட்டது, அந்த வளைவுக்குள் எந்தப் புள்ளி என்பது குவாண்டம் தற்செயல். மென்பொருள் தரும் போலித் தற்செயல் எண்ணை எடுக்காதீர்கள். ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகம் வெற்றிடத்தின் குவாண்டம் ஏற்ற இறக்கங்களை அளந்து எண்களை உருவாக்கி இணையத்தில் தருகிறது. அல்லது உங்கள் மியூவான்களின் இடைவெளி நேரத்திலிருந்தே எண் செய்துகொள்ளலாம். வளைவு கணக்கிடப்பட்டது, தற்செயல் அசலானது என்பதைச் சுவரோரத்தில் ஒரே வரியில் எழுதி வையுங்கள். மறைக்காத வரைக்கும் யாரும் குறை சொல்ல முடியாது.

இப்போது உங்கள் பழைய எண்ணத்துக்கும் சரியான இடம் கிடைக்கிறது. சில சுற்றுகளில் இரண்டு இடைவெளிகளின் காலடியிலும் ஈர மணலைப் பரப்பி வையுங்கள். ஆடுபவர் எந்த வழியாகப் போனார் என்பதற்குத் தடம் விழும். அந்தச் சுற்றுகளில் மட்டும் வளைவை மாற்றுங்கள், பட்டை இல்லாத வெறும் மேடாக. அந்த மணலை யாரும் வந்து பார்க்கவே வேண்டாம். திரைக்குப் பின்னால் இருட்டிலேயே கிடக்கட்டும். இரண்டு வகைச் சுற்றுகளுக்கும் வேறு வேறு நிறச் சாயம். நாளடைவில் ஒரு நிறத்தில் பட்டைகள், இன்னொரு நிறத்தில் பரவிய மேடு. 2004 சோதனை சொன்னது அப்படியே சுவரில் இருக்கும்.

கடைசிவரிசை:

'கடல்' என்று மாற்றிப் போட முடியாத காட்சி இதோ வந்துவிட்டது! ஒரு சந்தேகம். பட்டை தெரிய எத்தனை கை வேண்டும்? ஆயிரக்கணக்கில் ஆட முடியாதே.

அலைமுகம்:

பட்டைகளின் எண்ணிக்கையைக் குறைத்து அகலமாக வைத்தால், ஐந்து பட்டைகள் என்று வைத்துக்கொள்வோம், சில நூறு புள்ளிகளிலேயே கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். சுவர் பெரிது, கை சிறிது என்பதால் இடையில் காலியாக விடப்பட்ட பகுதிகள் நன்றாக எடுபடும். அந்தக் காலி இடங்கள்தான் முக்கியம். ஒரே ஓர் இடைவெளி திறந்திருந்தால் அங்கே புள்ளி விழும். இரண்டும் திறந்திருக்கும்போது விழாது.

துகள்பித்தன்:

பிணைவைப் பற்றியும், அதாவது பிரிந்திருக்கும் இரண்டு துகள்களின் அளவீட்டு முடிவுகள் ஒன்றோடொன்று பொருந்தி வருவதைப் பற்றியும், ஒரு யோசனை சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் இரண்டு பேர் ஒரே மாதிரி ஆடுவதை வைத்துப் பிணைவு என்கிறார்கள். ஒரே மாதிரி ஆடுவதற்கு ஒத்திகை போதும். இயற்பியலாளர் ஜான் பெல் 1964ல் காட்டியது, முன்பே பேசிவைத்துக்கொண்டு எட்டவே முடியாத ஒரு பொருத்தம் இயற்கையில் இருக்கக்கூடும் என்பது. அதை ஒரு விளையாட்டாக மாற்றலாம்.

இருவர் தனித்தனி அறைகளில். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு பார்வையாளர் நாணயம் சுண்டுவார். ஆடுபவர் வலக்கையையோ இடக்கையையோ உயர்த்த வேண்டும். இரண்டு நாணயங்களும் தலையாக விழுந்தால் இருவரும் வெவ்வேறு கை, மற்ற எல்லா நேரத்திலும் ஒரே கை. அப்படி அமைந்தால் வெற்றி. எவ்வளவு திட்டமிட்டாலும் நீண்டகால வெற்றி 75 சதவீதத்தைத் தாண்டாது. பிணைந்த துகள்களைப் பயன்படுத்தினால் ஏறத்தாழ 85 வரை போகலாம். ஆஸ்பே, கிளவுசர், ஸைலிங்கர் மூவருக்கும் 2022ல் நோபல் கிடைத்தது இந்த வகைச் சோதனைகளுக்காகத்தான். துகள்களால் செய்தி அனுப்ப முடியாது என்பதையும் கவனியுங்கள். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு அறையிலும் வெறும் தற்செயல்தான் தெரியும். ஒப்பிடும்போதுதான் பொருத்தம் வெளிப்படும்.

ஒரே மாலையில் 50 சுற்று ஆடினால் அதிர்ஷ்டத்தில் 80க்கு மேல் கூட வந்துவிடலாம். ஆயிரம் சுற்றுக்கு மேல் போனால்தான் 75 என்ற சுவர் அசையாமல் நிற்பது தெரியும். இதுவும் அலைமுகம் சொன்னபடிதான், பதிவு சேர்ந்துகொண்டே போக வேண்டும். பக்கத்திலேயே, ஐபிஎம் 2016 முதல் இணையம் வழியாகத் திறந்துவைத்திருக்கும் குவாண்டம் கணினி ஒன்றில் இதே விளையாட்டை ஓட்டி, அதன் மதிப்பெண்ணையும் காட்டலாம். அது 75ஐத் தாண்டும்.

சதங்கை:

இதை நான் ஆடியே தீர வேண்டும். இரண்டு பேர் எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும் தாண்ட முடியாத ஓர் எல்லை, அதற்கு அப்பால் பத்து சதவீத இடம், அங்கே உடம்புகள் போக முடியாது. இணையாட்டம் ஆடுகிற எல்லோருக்கும் இது வலிக்கும், அவ்வளவு நல்ல கரு.

கடைசிவரிசை:

பார்வையாளரை மறந்துவிடாதீர்கள். நாணயம் சுண்டுவது நல்லது. அதோடு இன்னொன்று: கம்பிக் கூடத்துக்கு வருமுன் எங்களை நல்ல இருட்டில் கொஞ்ச நேரம் உட்கார வையுங்கள். இருட்டுக்குப் பழகிய மனிதக் கண் ஒற்றை ஃபோட்டானைக்கூட (ஒளித்துகள்) உணரக்கூடும் என்று 2016ல் ஒரு சோதனை வந்ததே. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது சரியான விடை 51.6 சதவீதம், குருட்டாம்போக்கை விடச் சற்றே அதிகம். அதுவும் ஏராளமான முயற்சிகளைச் சேர்த்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நம் உடம்பிலேயே அந்த எல்லை இருக்கிறது என்று எனக்கு யாராவது மேடையில் உணர்த்தினால் நான் வருடக்கணக்கில் மறக்க மாட்டேன்.

மின்பொறி:

இருட்டறை வைத்தால் அரை மணி நேரமாவது வேண்டும், கண் முழுதாகப் பழக அவ்வளவு ஆகும். அவசர வழி விளக்குகளை அணைக்கக் கூடாது என்பதால், சிவப்பு நிறத்தில் மிக மங்கலாக வைக்க அந்த இடத்தின் பாதுகாப்பு விதி அனுமதிக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பார்வையாளர் கண்ணில் படக்கூடிய இடத்தில் லேசர் எதையாவது வைக்க நினைத்தால் இரண்டாம் வகுப்புக்கு மேல் போக வேண்டாம், அதாவது ஒரு மில்லிவாட்டுக்குள்.

நிழல்வரை:

சென்சார் போகிறது. சுவர், உள்ளங்கை, ஈர மணல் உறுதி. இரண்டு அறை விளையாட்டைத் தனிப் பகுதியாக வைக்கலாமா, கம்பிகளுக்கு நடுவிலேயே கொண்டுவரலாமா என்பதில் மட்டும் குழுவில் கருத்து வேறுபாடு. நடனம் அமைப்பவருக்கு மியூவான் இடைவெளி சராசரியாக ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டுமாம், காத்திருப்பே ஆட்டமாக இருக்க வேண்டும் என்கிறார். மின்பொறி, ஐந்து சென்டிமீட்டர் தகடுகளை எவ்வளவு தூரத்தில் வைத்தால் அது கிடைக்கும்?

மின்பொறி:

கணக்குப் போட்டால், அந்த அளவுத் தகடுகளுக்கு நடுவே 25, 30 சென்டிமீட்டர் விட்டால் நிமிடத்துக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கிவிடும். கூடத்தின் மேல்தளம் தடிமனான கான்கிரீட் என்றால் இன்னும் கொஞ்சம் குறையும். அதனால் கடையில் வாங்கிய சட்டத்தில் நிரந்தரமாகப் பொருத்திவிடாதீர்கள், மேலும் கீழும் நகர்த்தும்படி இரண்டு கம்பித் தண்டில் மாட்டுங்கள். ஆடும் இடத்திலேயே ஒரு முழு இரவு ஓடவிட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, அப்புறம் இறுக்கலாம்.